ஒரு கண் சுருங்கும் அளவு

குட்டை வற்றி, குட்டைக்குப் பெயர் மட்டும் மிஞ்சிய செம்மணல்குட்டை என்ற ஊரில், ஒரு பங்குனி மாதத்துக் காலையில், பெரியவர்களின் நாக்கை விட்டுப் புளிப்பு போய்விட்டது. உப்பு இருந்தது, உறைப்பு இருந்தது, பாகற்காயின் கசப்புகூட ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. புளிப்பு மட்டும் இல்லை. பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றிய கத்திரிக்காய்க் குழம்பும், வெந்நீரில் மிளகாய்த்தூளைக் கலக்கியதும், களி உருண்டையோடு ஒன்றுபோலவே தொண்டையில் இறங்கின.

முதலில் பழி புளியின் தலையில் விழுந்தது. போன வருஷம் உப்புப் போட்டுப் பானையில் அடைத்த புளியை எடுத்தார்கள், இந்த வருஷத்துப் புதுப்புளியைக் கரைத்தார்கள், பக்கத்து ஊர் மளிகைக் கடையில் வாங்கி வந்தார்கள், எலுமிச்சம்பழத்தைக் கடித்தார்கள், மாங்காயைக் கடித்தார்கள், மூன்று நாள் மோரைக் குடித்தார்கள், எல்லாம் சப்பென்றே இருந்தன. ஆனால் சேனைக்கிழங்கில் அதே புளியை ஊற்றினால் தொண்டை அரிக்கவில்லை, பித்தளைக் குடத்தைத் தேய்த்தால் பொன்போல மின்னியது, பாலில் ஒரு துளி விட்டால் திரிந்தது. புளி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது. வேலையை விட்டு நின்றுபோனது நாக்குதான். அந்த வாரம் புளி பார்க்க வந்த வியாபாரி ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, நாக்கைச் சொடுக்கி, "அருமையான சரக்கு" என்றபோது, சுற்றி நின்ற ஊர் அவருடைய அந்த ஒரு கண்ணையே பார்த்தது. அன்று மாலை வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சுளை கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதே ஊருக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தவர்களுக்குப் புளிக்கவில்லை, தெரியாதவர்களுக்குப் புளித்தது. புரிந்ததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

என்ன தெரிந்தவர்கள் என்று கேட்பீர்கள். சொல்லாமல் எங்கே போகிறேன்.

ஊர்ச் சாலையோரத்துப் புளியமரங்களை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்கு அந்த வருஷம் மரமும் சொந்தம், மரத்தின் நிழலும் சொந்தம். நிழலில் புகுந்து உதிர்ந்த காயைத் தின்கிற ஆட்டை அவர் பிடித்து அதே மரத்தில் கட்டலாம். கட்டிவிட்டால் அவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும். ஆட்டுக்குச் சொந்தக்காரனே ஆனாலும் கயிற்றின்மேல் கை வைக்கக்கூடாது. ஏலக்காரன் கட்டினதை ஏலக்காரன்தான் அவுக்கணும் என்பது அந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கட்டுப்பாடு. சுற்றுவட்டாரத்தில் ஆட்டுக்காக மண்டை உடையாத ஊர் நம்முடையது ஒன்றுதான் என்று அவர்களுக்கு அதில் பெருமைகூட உண்டு.

அந்த வருஷம் ஏலம் எடுத்தவர் அங்கமுத்து. கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டு மாடு கன்று போடச் சிரமப்பட்டாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுகிறவர். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த செங்கல் சூளையில், பிழைக்க வந்த குடும்பங்களில் ஒன்றில், ஒரு மசக்கைக்காரி இருந்தாள். வாய்க்கு எதுவும் பிடிக்காமல், வைத்ததையெல்லாம் வாந்தியெடுத்து, ஒருநாள் காலையில் பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தில் பாதி பழுத்த செங்காய்களைத் தட்டி மடியில் கட்டிக்கொண்டாள். முந்தின வாரம்தான் ஒரு கிளைக் காய் முழுக்கக் களவு போன ஆத்திரத்தில் இருந்த அங்கமுத்து அவளைப் பிடித்துக்கொண்டார். மகன் சென்றாயனைக் கூப்பிட்டுக் கொட்டகையிலிருந்து ஆட்டுக்கயிற்றைக் கொண்டு வரச் சொன்னார். நீல நைலான் கயிறு. அவள் கைகளைப் பின்னால் சேர்த்து மரத்தோடு கட்டிவிட்டு, "சூளைக்காரன் வந்து என்னக் கேக்கட்டும். நான் வந்து அவுக்கறேன், அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லி, சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சந்தையில் மச்சினனைப் பார்த்தார், பேச்சு வளர்ந்தது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள், திரும்புகிற பஸ் வழியில் பழுதாகி நின்றது. மரத்தடிதானே என்பீர்கள், பங்குனியில் புளியமரம் இலை உதிர்ந்து நிற்கும், அதன் நிழல் சல்லடை. ஊர் அவளைச் சுற்றி நின்றது. தண்ணீர் கொடுத்தாயிற்றா என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்டார்கள். அங்கமுத்துவின் மனைவி பெருமாயி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் வாயில் ஊற்றினாள், அவள் அதையும் வாந்தியெடுத்தாள். "கட்ட அவுத்து உடுக்கா" என்று கேட்டாள். பெருமாயி கயிற்றின்மேல் கையை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். "இதோ வந்துருவாரு கண்ணு, செத்த பொறுத்துக்க" என்றாள். இதோ வந்துருவாரு, இதோ வந்துருவாரு என்று ஊரே சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கெஞ்சுவது நின்றபோது, களைத்துத் தூங்குகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். வெயில் சாய்ந்து அங்கமுத்து வந்து இறங்கியபோது அவள் தலை தொங்கியிருந்தது, உயிர் இல்லை.

அவருக்குக் கை எழவில்லை. மற்றவர்கள் முடிச்சைத் தொடக்கூடாது. அதனால் மரத்தைச் சுற்றியிருந்த பக்கத்தை மட்டும் அரிவாளால் அறுத்து, கைக்கட்டு கைக்கட்டாகவே இருக்க, மரத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். பிணமான பிறகும் அந்தக் கட்டுப்பாட்டை ஊர் மீறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறுநாள் அவள் புருஷன் பச்சையப்பன் தேடிக்கொண்டு வந்தான். அவ பஸ் ஏறிப் போயிட்டாளே என்று யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று தெரியாது. ஒருவர் பஸ்ஸின் நிறத்தைச் சொன்னார், ஒருத்தி கையில் பை இருந்தது என்றாள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததாக இன்னொருத்தி சொன்னாள். போலீசில் சொல்லிப் பார்த்தான், எவனோடாவது போயிருப்பாள் என்று அவர்களும் அனுப்பிவிட்டார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். செம்மணல்குட்டையில் போசனம் கிடைத்தது, புளிப்புதான் கிடைக்கவில்லை.

எதற்கும் பழகிவிடுகிறவன்தான் மனுஷன், அதிலும் ஊராகச் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குழம்பு கொதிக்கிற நேரத்தில் தாய்மார்கள் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்கள். பிள்ளை நக்கிப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினால் புளி சரி, இரண்டு கண்ணையும் மூடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், கண் சுருங்கவே இல்லையென்றால் இன்னும் ஒரு நெல்லிக்காய் அளவு ஊறப்போட வேண்டும். கருவாட்டுக் குழம்புக்கு ஒரு கண் போதும், வத்தல் குழம்பென்றால் கண்ணோடு தோளும் குலுங்க வேண்டும், புளிச்சாதத்துக்கு நாக்கு சொடுக்க வேண்டும் என்று கைப்பக்குவம் முழுவதும் பிள்ளைகளின் முகத்துக்கு மாறியது. அம்மன் கோயில் கூழுக்கும் பிள்ளை ருசி பார்த்த பிறகே படையல் போட்டார்கள். எச்சில் பட்டது தோஷமில்லையா என்று பூசாரி ஒருதரம் கேட்டார், பிறகு அவரே தன் பேத்தியை அழைத்து வந்தார். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் குத்துமதிப்பாகப் புளியைக் கொட்டி, வயிறு புண்ணாகி, டவுன் டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தார்கள். மற்ற ஊரில் பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்கள்; இங்கே புளி கரைந்ததெல்லாம் வயிற்றில்தான், வாயில் இல்லை.

பிள்ளைகள் எத்தனை நாளைக்குப் பிள்ளைகளாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த ஒரு பெண், ஒருநாள் மாலையில் உள்ளங்கைச் சொட்டை நக்கிவிட்டுக் கண் சுருங்காமல் நின்றாள். அம்மா இன்னொரு சொட்டு விட்டாள், வெறும் புளியைக் கொடுத்தாள், அந்தப் பெண் அதை வைக்கோலை மெல்லுவதுபோல மென்றாள். யார் சொன்னார்கள் என்று அம்மா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிறுதட்டை எடுத்து உறியில் வைத்துவிட்டு, பெரியவர்கள் சாப்பிடுகிற தட்டை அவள் முன்னால் வைத்தாள். அந்த ஊரில் பிள்ளைகள் பெரியவர்களானது அப்படித்தான். மீசை முளைப்பதும் தாவணி போடுவதும் அதற்கப்புறம் நடக்கிற சில்லறைக் காரியங்கள்.

வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்களுக்கு அதனால் மதிப்புக் கூடியது. நாக்கு உள்ள மருமகள் வீட்டுக்குக் கிடைத்த லட்சுமி. எந்த மாமியாரும் வாயைத் திறக்கவில்லை, எந்தப் புருஷனும் குடித்துவிட்டு வந்தால்கூட நாக்கைக் கட்டிக்கொண்டான். ஆனாலும் வருஷத்துக்கு ஒருத்தி, சண்டையிலோ சமாதானத்திலோ, எதையாவது கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் பேசாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் குழம்புக்குக் கூப்பிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில், வருஷந்தோறும் பங்குனியில், சூளையில் நெருப்பு வைக்கிற காலத்தில், பச்சையப்பன் வந்தான். பஸ் நிறுத்தத்து மரத்தடியில், ஏலக்காரர் கட்டிப்போட்ட ஆடுகளோடு உட்கார்ந்து, வருகிற பஸ்ஸில் இறங்குகிற முகங்களைப் பார்ப்பான். "எங்க தனக்கோட்டி இந்தப் பக்கம் வந்தாளுங்களா" என்று கேட்பான். இல்லையே என்று சொல்லி அங்கமுத்துவின் வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போடுவார்கள். சோற்றின்மேல் பெருமாயி ரசத்தை ஊற்றுவாள். வேலை இருப்பதுபோல வாசலில் ஊர் வந்து நிற்கும். அவன் ஒரு கவளம் அள்ளி வாயில் வைப்பான். முகம் சுளிக்கும், ஒரு கண் சுருங்கும். "புளி கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க" என்பான். ஊர் மூச்சு விடும். தெரியாது, இன்னும் அவனுக்குத் தெரியாது.

"எத்தினியோ ஊரு பாத்துட்டேங்க. கூப்பிட்டு வச்சு சோறு போடற ஊரு இது ஒண்ணுதாங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போவான். சில வருஷம் அப்படிப் போயிற்று.

சென்றாயனுக்குப் பெண் பார்த்து, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மாதேஸ்வரியைக் கட்டி வந்தார்கள். சிரித்த முகம், கணீரென்ற குரல், எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண். வந்த அன்றே மாமியாரின் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "அய்யோ அத்தை, இதுல துணி தோய்க்கலாம் போல இருக்குதே" என்றாள். பெருமாயி கோபப்படவில்லை, கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கே மாதேஸ்வரிதான் நாக்கு. அங்கமுத்து மட்டும் அவள் வைத்த ரசத்தில் இன்னும் ஒரு கை புளியைப் பிழிந்துகொண்டு, எங்கோ தொலைத்த சாமானைத் தேடுகிறவர்போல வாய்க்குள்ளேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்குவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். இவ்வளவு புளி எதுக்கு மாமா என்று அவள் கேட்டால், "பாக்கறேன் கண்ணு" என்பார்.

கார்த்திகையில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. தை பிறந்ததும் மசக்கை பிடித்துக்கொண்டது, அதுவும் சாதாரண மசக்கை இல்லை. சோற்று வாசனைக்குக் குமட்டியது, தண்ணீர்கூடத் தங்கவில்லை. புளி ஒன்றுதான் தங்கியது. புளிச்சாற்றில் பிசைந்த சோறு, புளியங்கொழுந்துத் துவையல், உப்பு தொட்ட செங்காய், இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரும் வயிற்றில் இருந்த உயிரும் நின்றன. மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று சென்றாயன் ஓடி ஓடிக் காய் பறித்து வந்தான். ஏரிக்கரை மரத்தில் பறித்தான், கோயில் மரத்தில் பறித்தான். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற பஸ் நிறுத்தத்து மரத்தின் பக்கம் மட்டும் போகவில்லை.

"கைக்கெட்டற தூரத்துல காய்க்குது, ஊரச் சுத்திக்கிட்டு வர்றீங்க" என்றாள்.

"அது காட்டுப்புளி. ருசியிருக்காது."

ருசி இருக்கிறதா இல்லையா என்று தானே பார்த்துவிட, மாசி மாதத்து முற்பகலில் மாதேஸ்வரி எழுந்துபோனாள். தாழ்ந்த கிளை ஒன்று சாலைப்பக்கம் தொங்கியது. மடியை ஏந்தி நாலைந்து செங்காய்களைப் பறித்துப் போட்டுக்கொண்டு, ஒன்றை உடைத்துக் கடித்தாள். நாக்கின் இரண்டு பக்கமும் நீர் ஊறி, பல் கூசி, உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. அப்போதுதான் பெருமாயி விறகோடு அந்தப் பக்கம் திரும்பினாள். அந்த மரம், அந்த மடி, அந்த வயிறு. விறகு கீழே விழுந்தது.

"தொடாத! அதத் தொடாத! அவரு கட்டிட்டுப் போயிருவாரு, என்னால அவுக்க முடியாது, என்னால அவுக்க முடியாது கண்ணு!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து, மரத்துக்குப் பின்னால் புல் முளைக்காத ஓர் இடத்தில் விழுந்து, சாலையென்றும் பகலென்றும் பாராமல், வருஷக்கணக்காக வாய்க்குள் வைத்திருந்த எல்லாவற்றையும் மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மாதேஸ்வரியின் வாயில் பாதி மென்ற செங்காய் இருந்தது. அது மெல்ல மெல்லச் சக்கையாயிற்று.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. வீட்டில் பானை பானையாகப் புளி இருந்தது, எது போட்டும் பயனில்லை. கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போயிற்று. சோதித்துப் பார்த்த நர்சம்மா, "மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்ல. இப்பிடியே போனா தங்காது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். திரும்பி வருகிற வழியில், ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்துவிட்டு, மாதேஸ்வரி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அந்தப் பொண்ணோட புருசன் வருவாருல்ல, அவருகிட்டச் சொல்லிரலாம்" என்றாள்.

சென்றாயன் ஏரியைப் பார்த்தான். "சொன்னா புளிப்பு திரும்பி வரும்னு யாருக்குத் தெரியும்? யாரும் சொல்லிப் பாத்ததில்ல."

"அதாங்க. யாருமே சொல்லிப் பாக்கல."

"அப்பா ஜெயிலுக்குப் போவாரு. கயிறு கொண்டாந்து குடுத்தவன் நானு, நானும் போவேன். அப்பா காலம் முடியட்டும் மாதேசு, அப்பறம் நானே சொல்றேன்."

"எம் புள்ள அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்குமா? அவளயும் பொறுத்துக்கத்தான சொன்னீங்க." அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாருமா சேந்து முழுங்கிட்டீங்க. என்னால முழுங்க முடியலைங்க. எதையுமே முழுங்க முடியல."

சென்றாயன் வண்டிப்பக்கம் திரும்பினான். வண்டியை எடுத்தான், அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பங்குனியில் அவளுக்கு ஐந்தாம் மாதக் கட்டுச்சோறு வைத்தார்கள். வாசலில் பந்தல் போட்டு, பிறந்த வீட்டிலிருந்து அம்மாவும் அண்ணனும் வந்து, கைநிறைய வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். சர்க்கரைப் பொங்கல், தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, எல்லாவற்றுக்கும் நடுவில் நல்லெண்ணெய் மினுங்க, வறுத்த வெந்தயமும் வேர்க்கடலையுமாக, ஒரு அண்டா புளிச்சோறு. பூசாரியின் பேத்தி ஒரு வாய் தின்று நாக்கைச் சொடுக்கினாள், சரி என்றார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருத்தியாக வந்து மாதேஸ்வரியின் வாயில் ஒரு கவளம் ஊட்ட, அவள் ஒவ்வொன்றையும் மண்ணைப்போல மென்று, முந்தானையில் துப்பி மறைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பதினோரு மணி பஸ்ஸில் பச்சையப்பன் வந்து இறங்கினான். பந்தலைப் பார்த்துத் தயங்கி மரத்தடியிலேயே நின்றவனை, விசேஷ வீட்டில் வந்தவனை விடலாமா என்று கூப்பிட்டு வந்து, இலை போட்டு உட்கார வைத்தார்கள். சொல்லாமலே பந்திப் பேச்சு அடங்கியது. பெருமாயி கரண்டியை எடுத்தாள்.

"நான் போடறேன் அத்தை" என்று மாதேஸ்வரி எழுந்தாள். நல்லதுதான், மசக்கைக்காரி கையால் போடட்டும் என்றார்கள். வளையல்கள் சலசலக்கக் குனிந்து புளிச்சோற்றை வைத்தாள்.

பச்சையப்பன் நிமிர்ந்து பார்த்தான். "நல்லா இரும்மா. அவளுக்கும் அன்னைக்கு இதே மாசந்தான்" என்று சொல்லி, ஒரு கவளத்தை வாயில் வைத்தான்.

குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவனுக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொன்னாள்: "அண்ணா, தனக்கோட்டி பஸ் ஏறல. அந்த மரத்துக்குப் பின்னாடி இருக்கறாங்க. எங்க மாமனாரு கட்டுன கயித்தோட."

அவன் முகம் சுளித்தது. ஒரு கண் சுருங்கியது, பிறகு இரண்டு கண்ணும் சுருங்கி மூடின, உதடு கோணியது, தோள் குலுங்கியது. வாசலில் நின்ற ஊர் அதைப் பார்த்து மூச்சு விட்டது. புளிக்குது, புளிக்குது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரித்துவிட்டு, "அண்டாவுல புளி தூக்கலாத்தான் போயிருச்சு" என்றுகூடச் சொன்னார்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து வாயிலிருந்த சோற்றைக் கையில் எடுத்து இலையில் வைத்தான். இலையை மடித்தான். விசேஷ வீட்டில் தன் பக்கமாக மடிக்க வேண்டிய இலையை, சாவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக மடித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

"கடப்பாரை இருக்குதுங்களா" என்று கேட்டான். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

ஆண்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். மாதேஸ்வரி மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையைத் தூக்கி வந்தாள். சென்றாயன் குறுக்கே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான், இரண்டு வளையல் உடைந்து விழுந்தன, அவள் அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் கையை விட்டுவிட்டு, அன்றைக்குக் கயிறு எடுத்து வந்த அதே கொட்டகைக்குள் போய், மண்வெட்டியோடு வந்து அவர்கள் பின்னால் நடந்தான். போகிற போக்கில் தங்கை சொன்னதைக் கேட்டு, பந்தலில் மாதேஸ்வரியின் அண்ணன் போலீசுக்குப் போன் போட்டான். அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

மரத்தடிக்குப் போகும்போதே மாதேஸ்வரியின் நாக்கின் ஓரத்தில் நீர் ஊறியது. நம்பாமல் நின்று, உதிர்ந்து கிடந்த ஒரு பழத்தை எடுத்து ஓட்டை உடைத்துச் சுளையைக் கடித்தாள். ஒரு கண் சுருங்கியது. சென்றாயன் அதைப் பார்த்தான். அவள் மென்று விழுங்கினாள், விழுங்கியது வயிற்றில் நின்றது, அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

பச்சையப்பன் தோண்டினான், சென்றாயன் மண்ணை வாரினான். ஊர் அன்றைக்கு நின்ற அதே இடங்களில் வந்து நின்றது. சேலை மக்கியிருந்தது, மற்றதெல்லாம் மக்கியிருந்தது, மணிக்கட்டு எலும்புகளைச் சுற்றி நீலக் கயிறு மட்டும் நேற்று கடையில் வாங்கியதுபோல இருந்தது. சென்றாயன் குனிந்து அதை எடுக்கப் போனான்.

"தொடாதீங்க" என்றான் பச்சையப்பன். மண்ணாகியிருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வருசா வருசம் இங்க ஆட்டோட ஆடா உக்காந்திருந்தேன். உங்க ஊரு வழக்கம் எனக்கும் தெரியுங்க. கட்டுனவரு வந்து அவுக்கட்டும்."

கூட்டம் விலகியது. அங்கமுத்து வந்தார். வேட்டியோடு மண்ணில் முழங்காலைப் போட்டு, குழிக்குள் கையை நீட்டி முடிச்சைப் பிடித்தார். கன்று இழுத்துப் பழகிய விரல்கள்தான், ஆனால் முடிச்சு அசையவில்லை. மண் இறுகி, முடிச்சு கல்லாகியிருந்தது. இழுத்துப் பார்த்தார், நெருடிப் பார்த்தார், நகம் பிய்ந்தது. யாரும் அரிவாள் கொண்டு வரவில்லை. கடைசியில் குழிக்குள் தலையைக் கவிழ்த்து, முடிச்சைப் பல்லில் கவ்வினார்.

அவர் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கண்ணும் இறுக மூடின, பல் கூசி நரநரத்தது, வாயின் இரண்டு பக்கமும் எச்சில் சிறுபிள்ளைக்குப்போல ஒழுகியது. இத்தனை வருஷமும் கை கையாகப் பிழிந்து குடித்த புளியெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் அவர் நாக்கில் ஏறிவிட்டது. தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தார்.

"புளிக்குது கண்ணு" என்றார். "தாங்க முடியல. புளிக்குது."

சுற்றி நின்ற ஊர் வறண்ட வாயோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"அவுத்து உடுங்க மாமா" என்றாள் மாதேஸ்வரி. "நீங்க வந்து அவுப்பீங்கன்னுதான் அவங்க இத்தினி வருசமாக் காத்துக்கிட்டுக் கெடக்கறாங்க."

அங்கமுத்து மறுபடியும் குனிந்து முடிச்சைப் பல்லில் கவ்வினார்.